கோவையில் ஓட நல்ல பாதை தேடுவது எப்படி: குளக்கரை, இட்டேரி, மலையடிவாரம்

கோவையில் ஓட ஆரம்பிப்பவர்கள் முதலில் போய்ச் சேருவது ரேஸ்கோர்ஸ். ஒரு சுற்று 2.5 கிலோமீட்டர். பெரிய மரங்களின் நிழல், விளக்கு, ஓடி முடித்ததும் பக்கத்திலேயே காபி. நாலு சுற்று போனால் பத்து கிலோமீட்டர், கணக்கும் சுலபம். வேகப் பயிற்சிக்கு இன்றைக்கும் அதைவிட நல்ல இடம் ஊருக்குள் கிடையாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டத்துக்கு அதே இடத்தை ஏழெட்டுத் தடவை சுற்றுவது சீக்கிரம் சலித்துப்போகும். மேற்கே மலை நிற்கிற ஊரில் மலையைப் பார்க்காமல் ஓடுவதும் நியாயமில்லை.

நல்ல பாதைக்கு இந்த ஊரில் ஒரு நேர்வழி இருக்கிறது: நொய்யல் தண்ணீர் போகும் வழியைப் பிடித்துக்கொண்டு தேடுவது. வெள்ளியங்கிரி மலையிலிருந்து இறங்கும் ஆற்றை அணைக்கட்டுகளில் மறித்து, வாய்க்கால் வெட்டி, குளத்துக்குக் குளம் தண்ணீர் போகும்படி அமைத்திருக்கிறார்கள். சித்திரைச்சாவடி அணைக்கட்டிலிருந்து வரும் வாய்க்காலில் மட்டும் புதுக்குளம், கோளராம்பதி, நரசாம்பதி, கிருஷ்ணாம்பதி, செல்வாம்பதி, குமாரசாமி குளம் என்று வரிசையாக இருக்கின்றன. குமாரசாமி குளத்தை ஊர்க்காரர்கள் முத்தண்ணன் குளம் என்பார்கள். அடுத்து செல்வசிந்தாமணி, உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம். ஆற்றுக்குத் தெற்கே குறிச்சிக் குளம், கிழக்கே போனால் வெள்ளலூர், சிங்காநல்லூர். ஒவ்வொரு குளத்துக்கும் ஒரு கரை, ஒவ்வொரு வாய்க்காலுக்கும் ஓரமாக ஒரு தடம். ஓடுபவருக்கு வேண்டியது இதுதான்.

கரை எந்தப் பக்கம் என்று பார்ப்பது

போனில் கூகுள் மேப்பைத் திறந்து சாட்டிலைட் படத்துக்கு மாற்றுங்கள். குளத்தின் ஒரு விளிம்பு கோடு போட்டதுபோல நேராகவோ லேசாக வளைந்தோ இருக்கும், எதிர் விளிம்பு கிழிந்த மாதிரி இருக்கும். நேரான விளிம்புதான் கட்டிய கரை. கிழிந்த பக்கம் நீர் பரவும் இடம், அங்கே சேறும் புதரும்தான்.

நிலம் மேற்கிலிருந்து கிழக்கே சரிவதால் கரை பெரும்பாலும் கிழக்குப் பக்கமோ ஆற்றைப் பார்த்த பக்கமோ இருக்கும். அதனால் காலையில் கரைமேலிருந்து மேற்கே பார்த்தால் முகத்துக்கு நேரே தண்ணீர், அதற்குப் பின்னால் மலை. சூரியன் முதுகுப் பக்கம் எழுந்து மலையின் முகத்தில் வெளிச்சம் போடும். சூரியன் எழுந்ததிலிருந்து ஒன்றரை மணி நேரம்தான் இந்தக் காட்சி நன்றாக இருக்கும், பிறகு வெயில் ஏறி மலை மங்கிவிடும். மாலையில் போனால் மலை வெறும் கறுப்பு உருவம், வெயிலும் கண்ணில் குத்தும். காட்சிக்காக ஓடுவதானால் காலைதான்.

படத்தில் குளம் பளிச்சென்ற பச்சையாகத் தெரிந்தால் அழகு என்று நம்பிப் போகாதீர்கள். அது ஆகாயத்தாமரை. சாக்கடை வந்து சேரும் குளத்தில்தான் அது அப்படி மண்டும். நாற்றமும் கொசுவும் கூடவே வரும், கோடையில் தண்ணீர் வற்றும்போது இன்னும் மோசம்.

கரையின் நீளத்தை அங்கேயே அளக்கலாம். வரைபடத்தில் ஒரு புள்ளியை அழுத்திப் பிடித்தால் தூரம் அளக்கும் வசதி வரும், கரையின் வளைவை ஒட்டிப் புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டே போக வேண்டும். பெரும்பாலான கரைகள் ஒன்று, ஒன்றரை கிலோமீட்டர்தான் வரும். ஒரே கரையில் போய்த் திரும்புவதைவிட இரண்டு மூன்று குளங்களைக் கோத்து ஒரு வட்டமாக்குவது நல்லது.

அடுத்து ஸ்ட்ராவா ஹீட்மேப்: ஓட்டத்தைப் பதியும் ஸ்ட்ராவா செயலியில், ஆட்கள் அதிகம் போகும் வழிகளைப் பிரகாசமான கோடாகக் காட்டும் வரைபடம். இலவசக் கணக்கு போதும், தெருவளவுக்குப் பெரிதாக்க உள்நுழைய வேண்டும். ஓட்டம் என்பதை மட்டும் தேர்ந்தெடுங்கள், இல்லையென்றால் சைக்கிள்காரர்கள் போகும் நெடுஞ்சாலையெல்லாம் பிரகாசமாகத் தெரிந்து ஏமாற்றும். கோடு இருந்தால் யாரோ தொடர்ந்து ஓடுகிறார்கள் என்று நம்பலாம். கோடு இல்லாததால் பாதை இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம். தோட்டம் பார்க்கப் போகும் பெரியவர் நடப்பதை எந்தச் செயலியும் பதிவதில்லை. மண்பாதைகளுக்கு ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பை வைத்து ஓடும் ஆர்கானிக் மேப்ஸ், ஆஸ்மாண்ட் போன்ற செயலிகள் கூகுளைவிடத் தெளிவு. வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டால் அடிவாரத்தில் சிக்னல் போனாலும் வழி தெரியும்.

இட்டேரியைத் தேடுங்கள்

குளக்கரையைவிட நல்லது இட்டேரி. கொங்குப் பக்கம் இரண்டு தோட்டங்களுக்கு நடுவில், இருபுறமும் உயிர்வேலி வைத்து விட்டிருக்கும் வண்டித்தடம் அது. கிளுவை, கள்ளி, பிரண்டை, கோவைக்கொடி எல்லாம் பின்னிக் கிடக்கும், கௌதாரி கத்தும், ஏழு மணிக்கும் நிழல் இருக்கும். மண் தரை, போக்குவரத்து என்றால் எப்போதாவது ஒரு டிராக்டர் அல்லது பால்காரர் வண்டி. முழங்காலுக்கு இதைவிட இதமான தரை கிடைக்காது.

பேரூர், வேடப்பட்டி, தொண்டாமுத்தூர் சுற்றுவட்டாரத்திலும், கிழக்கே சூலூர், வடக்கே அன்னூர் பக்கமும் இன்னும் மிச்சம் இருக்கின்றன. சாட்டிலைட் படத்தில் வயல்களுக்கு நடுவே இரட்டைப் பச்சைக்கோடும் அதற்கு நடுவில் மெல்லிய பழுப்புக் கோடும் தெரிந்தால் அது இட்டேரி. ஒற்றைக்கோடாக இருந்தால் வரப்பு. வரப்பு தனியார் நிலம், அதில் ஓடக் கூடாது. இட்டேரி ஊர்ப் பொதுவழி. ஆனாலும் சில இடங்களில் குறுக்கே கேட் போட்டு அடைத்திருப்பார்கள். அது பொறம்போக்கா என்று புலப்படம் பார்த்துச் சண்டைக்குப் போவது ஓடுபவர் வேலையில்லை. தோட்டத்துக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டால் பெரும்பாலும் "போங்க, கேட்டை மட்டும் சாத்திட்டுப் போங்க" என்பார்.

படத்தின் தேதியையும் கவனிக்க வேண்டும். கூகுள் எர்த்தின் கணினிப் பதிப்பில் பழைய படங்களையும் புதிய படங்களையும் வரிசையாகப் பார்க்கலாம். பழைய படத்தில் தென்னந்தோப்பும் இட்டேரியும் இருக்கும், நேரில் போனால் வேலியைப் பிடுங்கிவிட்டு சைட் போட்டு "டிடிசிபி அப்ரூவ்டு" என்று பலகை வைத்திருப்பார்கள். அழகு போனாலும் வீடு வராத அந்த சைட்டுகளின் முப்பது அடித் தார்ச்சாலை, நானூறு மீட்டர், எண்ணூறு மீட்டர் என்று விட்டு விட்டு ஓடும் பயிற்சிக்குப் பிரமாதமாக உதவும்.

முதல் தடவை சைக்கிளில்

புதுப் பாதையில் நேராக ஓடப் போகாதீர்கள். முதலில் சைக்கிளிலோ டூவீலரிலோ, நீங்கள் ஓடப்போகும் அதே கிழமையில், அதே நேரத்தில் ஒரு தடவை போய்வாருங்கள். புதன்கிழமை பத்து மணிக்குப் பார்த்த பாதை ஞாயிறு காலை ஆறு மணிக்கு வேறு மாதிரி இருக்கும். சனிக்கிழமை ராத்திரி குளக்கரை மதகுப் படிகளில் குடித்துவிட்டு பாட்டிலை உடைத்துப் போட்டிருப்பார்கள், கண்ணாடிச் சில்லு ஞாயிறு காலையில்தான் அதிகம். சிறுவாணி ரோடும் அப்படித்தான். வார நாளில் சாந்தம், வார இறுதியில் வெள்ளியங்கிரி அடிவாரத்துக்குப் போகும் கார்கள் வரிசை கட்டும். சாலையின் ஓரமும் அகலமில்லை. அங்கே வார இறுதியில் ஓட வேண்டாம், பக்கத்து வாய்க்கால் தடத்துக்கு இறங்கிவிடுங்கள்.

போய்ப் பார்க்கும்போது முக்கியமாகக் கவனிக்க வேண்டியது கலிங்கு. குளம் நிரம்பினால் உபரி நீர் வழிய, கரையில் தாழ்வாகக் கட்டியிருக்கும் பகுதி அது. கோடையில் குதித்துத் தாண்டிவிடலாம். வடகிழக்குப் பருவமழையில் குளம் நிரம்பினால் அதன்மேல் தண்ணீர் போகும், பாசி பிடித்த கல் வழுக்கும். முழங்கால் அளவுத் தண்ணீர் வேகமாக ஓடினாலே ஆளைத் தள்ளிவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை கலிங்கு குறுக்கிடும் கரையை வட்டப் பாதையில் சேர்க்காதீர்கள். அதுவரை போய்த் திரும்புவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது கிணறு. இட்டேரி ஓரத்தில் பெரிய சதுரக் கிணறுகள் உண்டு. பழைய கிணறுகளில் கைப்பிடிச் சுவர் இருக்காது, விளிம்பைக் கொடி மூடியிருக்கும். தடத்திலிருந்து இரண்டடி விலகினால் ஆள் உள்ளே. கிணறு உள்ள பாதையை வரைபடத்தில் குறித்துவைத்து, வெளிச்சம் வராமல் அதில் ஓடுவதில்லை என்று முடிவெடுத்துவிடுங்கள். தலையில் விளக்கு மாட்டியிருந்தாலும் வேண்டாம்.

மூன்றாவது மண். ஒரு பிடி அள்ளி ஈரமாக்கி உருட்டிப் பாருங்கள். உருண்டு திரண்டு கையில் ஒட்டினால் கரிசல். மழை பெய்த மறுநாள் ஷூவின் அடியில் அப்பிக்கொண்டு ஒவ்வொரு காலும் அரைக்கிலோ கூடும், இரண்டு மூன்று நாள் காய விட வேண்டும். உதிர்ந்தால் செம்மண், மழை நின்ற மறுநாளே ஓடலாம். எது எங்கே என்பது தோட்டத்துக்குத் தோட்டம் மாறும்.

வெளியேறும் வழிகளையும் எண்ணிக்கொள்ளுங்கள். ஒரு கிலோமீட்டருக்கு ஒன்றாவது தார்ச்சாலைக்குப் போகும் குறுக்குவழி இருக்க வேண்டும். தனியாக ஓடும் பெண்களுக்கு இதுதான் முதல் அளவுகோல்: இரண்டு முனைகளைத் தவிர இறங்க வழியே இல்லாத கரை எவ்வளவு அழகாக இருந்தாலும் கூட்டமாகப் போகும் நாளுக்குத்தான்.

எங்கிருந்து தொடங்கலாம்

ஊருக்குள்ளேயே தொடங்குவதானால் வாலாங்குளமும் உக்கடம் பெரியகுளமும். ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் இரண்டு கரையிலும் நடைபாதை போட்டிருக்கிறார்கள். ரேஸ்கோர்ஸிலிருந்து சுங்கம் வழியாக வாலாங்குளம், அங்கிருந்து பெரியகுளம், திரும்பி வந்தால் ஒரு நல்ல நீண்ட ஓட்டம். நடுவில் உக்கடம் சந்திப்பைத் தாண்டுவதுதான் தொல்லை, ஆறு மணிக்கு முன்னால் தாண்டிவிட்டால் பஸ்ஸும் லாரியும் குறைவு. கரையின் சிமெண்ட் கல் தரை கெட்டி, பனியில் வழுக்கும். கூழைக்கடாவும் நீலத் தாழைக்கோழியும் பெரியகுளத்தில் சாதாரணமாகக் கண்ணில் படும். குறிச்சிக் குளத்தின் கரை பொள்ளாச்சி ரோட்டை ஒட்டியிருப்பதால் சத்தம் அதிகம். சிங்காநல்லூர் பறவை பார்ப்பவர்களுக்கு, ஓடுபவர்களுக்கு நீளம் போதாது.

அடுத்த கட்டம் பேரூர். பட்டீசுவரர் கோயில் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு நொய்யல் படித்துறைப் பக்கம் இறங்கி, மேற்கே வாய்க்காலை ஒட்டிப் போகலாம். தோப்பும் நெல்லும் பாக்கும் மாறி மாறி வரும், எதிரே மலை. அமாவாசை நாளில் மட்டும் படித்துறையில் திதி கொடுக்க வருபவர்கள் கூட்டம் இருக்கும், வேறு பக்கம் தொடங்குங்கள். வடவள்ளியிலிருந்து வேடப்பட்டி, நரசாம்பதி, கோளராம்பதி என்று கோத்தால் குளக்கரை, இட்டேரி, கிராமத்துச் சாலை மூன்றும் ஒரே ஓட்டத்தில் கிடைக்கும். ஒரே ஒரு பாதையைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

ஏற்றம் வேண்டுமென்றால் மருதமலை. படியேறிப் போகலாம், வாகனப் பாதையிலும் போகலாம். பயிற்சிக்கு நல்ல முறை: ஏறும்போது படி, இறங்கும்போது சாலையில் மெதுவாக. படியில் ஓடி இறங்கினால் மறுநாள் தொடை பேசும், தவறி விழுந்தால் பல் போகும். செவ்வாய், கிருத்திகை, சஷ்டி, தைப்பூசம் நாட்களில் படி முழுக்கப் பக்தர்கள், அன்றைக்குப் போய் இடிக்காதீர்கள். இருட்டில் ஏறுவதற்குத் தடை உண்டு, காரணம் யானையும் சிறுத்தையும்.

யானை

மருதமலை, தொண்டாமுத்தூர், நரசீபுரம், தடாகம், மாங்கரை, பாலமலை, மதுக்கரை என்று மலையடிவாரம் முழுக்க யானை நடமாடும் இடம். இருட்டியதும் காட்டிலிருந்து இறங்கித் தோட்டத்தில் வாழை, சோளம் தின்றுவிட்டு விடியும்போது திரும்பும். ஓடுபவர்கள் வழக்கமாகக் கிளம்பும் ஐந்தரை மணி, அது திரும்பிப் போகும் நேரம். அடிவாரத்தில் சூரியன் எழுந்து அரைமணி நேரம் கழித்துத்தான் தொடங்க வேண்டும். கோவையில் சூரியன் எழுவது ஜூன் தொடக்கத்தில் ஆறு மணியை ஒட்டி, ஜனவரி கடைசியில் ஆறே முக்காலை ஒட்டி. அதனால் குளிர்காலத்தில் ஏழேகாலுக்கு முன் அடிவாரத்தில் கால் வைக்க வேண்டாம்.

எந்தச் செயலியையும்விட டீக்கடை நம்பகமானது. கடைசி ஊரில் நின்று கேளுங்கள்: "ஏனுங்க, நேத்து ராத்திரி இந்தப் பக்கம் யானை வந்துதுங்களா?" எந்தத் தோட்டம், எத்தனை உருப்படி, எந்தப் பக்கம் திரும்பிப் போனது எல்லாம் சொல்வார்கள். "இன்னும் காட்டுக்குள்ள போகலைங்க" என்று பதில் வந்தால் அன்றைக்கு ஊர்ப்பக்கம் திரும்பி ஓடுங்கள். ஈரமான சாணம், புதிதாக முறிந்த கிளை, சாய்ந்த கம்பிவேலி, தூரத்தில் பட்டாசுச் சத்தம், நாய்கள் ஒரே திசையைப் பார்த்துக் குரைப்பது இவற்றில் ஒன்று இருந்தாலும் திரும்பிவிட வேண்டும். இயர்போன் கூடவே கூடாது. கிலோமீட்டரை நாலு நிமிடத்தில் ஓடுபவரின் வேகமே மணிக்கு 15 கிலோமீட்டர்தான், யானை 25ஐத் தொடும். ஓடித் தப்பிக்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள். தூரத்தில் கண்டால் சத்தமில்லாமல் வந்த வழியே பின்வாங்குங்கள். குட்டி இருந்தால் இன்னும் விலகுங்கள், போன் எடுக்க நிற்காதீர்கள்.

தோட்டத்துக் கம்பிவேலியைத் தொடவோ அதற்குள் புகுந்து குறுக்கே போகவோ வேண்டாம். சோலார் வேலி உதறித் தள்ளும். சிலர் சட்டவிரோதமாக நேரடி மின்சாரம் கொடுத்திருப்பார்கள், அது ஆளைக் கொல்லும்.

காட்டின் எல்லை வரைபடத்தில் துல்லியமாக இருக்காது. தரையில் பார்த்தால் தெரியும்: யானை தாண்டாமல் வெட்டிய அகழி, வனத்துறையின் எல்லைக்கல், பலகை. அகழிக்கு அந்தப் பக்கம் அனுமதியில்லாமல் போவது குற்றம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் மலையேறியவர்கள் இறந்த பிறகு கெடுபிடி அதிகம், கோடையில் பாதைகளை மூடியும் வைப்பார்கள். காட்டுக்குள் போக ஆசைப்பட்டால் 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம் உண்டு. இணையத்தில் பதிவுசெய்து வழிகாட்டியோடு நடக்கலாம், அங்கே ஓட்டத்துக்கு இடமில்லை.

காற்று, முள், நாய்

மே கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் காற்று அடிக்கும். அந்த மாதங்களில் வீட்டிலிருந்து முதலில் மேற்கே போங்கள். தெம்பு இருக்கும்போது எதிர்க்காற்று, களைத்துத் திரும்பும்போது காற்று முதுகைத் தள்ளும். மாற்றிச் செய்தால் கடைசி ஐந்து கிலோமீட்டரில் அழுகை வரும். மலைமேல் மேகம் மூடியிருப்பதால் அப்போது காட்சி குறைவு. மழைக்குப் பின், நவம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரைதான் குளமும் நிறைந்து மலையும் துலக்கமாக இருக்கும் காலம்.

ஷூவின் அடியில் மண்ணைப் பிடிக்கும் புடைப்பு, அதாவது பல், 3 அல்லது 4 மில்லிமீட்டர் இருந்தால் போதும். பாதி தூரம் தார் என்பதால் 6 மில்லிமீட்டர் பல் உள்ள ஷூ தேய்ந்தும் போகும், பாதமும் வலிக்கும். சீமைக் கருவேல முள் மெத்தென்ற ரப்பரைத் துளைத்துக்கொண்டு மெதுவாக மேலே ஏறும். அன்றைக்குக் குத்தாது, அடுத்த வாரம் குத்தும். ஓடிவந்ததும் ஷூவைக் கவிழ்த்துப் பார்த்து இடுக்கியால் பிடுங்கிவிடுங்கள். குளிர்காலக் காலையில் கண்ணாடி விரியன் கரைத்தடத்தில் வெயில் காயும், உதிர்ந்த இலையோடு இலையாகக் கிடக்கும். புல் மூடிய இடத்தில் நடையாக மாறிக்கொள்ளுங்கள்.

நாய் துரத்தினால் ஓட்டத்தை நிறுத்தி, திரும்பி அதைப் பார்த்து நின்று, கல் எடுப்பதுபோலக் குனியுங்கள். பெரும்பாலும் போதும். கடித்தாலோ கீறினாலோ 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். வீட்டு நாய்தானே என்று விடக்கூடாது.

தூரத்தை நேரத்தால் திட்டமிடுங்கள். தார்ச்சாலையில் பத்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம் ஆகிறவருக்கு இட்டேரியில் 70 முதல் 75 நிமிடம் ஆகும். திரும்பும் நேரத்தைக் கிளம்பும்போதே வாட்ஸப்பில் சொல்லி, லைவ் லொக்கேஷனையும் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

நல்ல பாதை அமைந்தால் ஜிபிஎக்ஸ் கோப்பாக (வரைபடச் செயலிகள் படிக்கும் வழித்தடக் கோப்பு) சேமித்து, பெயரோடு மாதத்தையும் எழுதி வையுங்கள்: கலிங்கு எங்கே, கிணறு எங்கே, நாய் எந்தத் தோட்டம், டீக்கடை எத்தனை மணிக்குத் திறக்கிறது. ஒவ்வொரு பருவமழைக்குப் பிறகும் ஒருமுறை சைக்கிளில் போய் அந்தக் குறிப்பைத் திருத்துங்கள். நண்பர்களுக்கு அனுப்பும்போது தேதியையும் சேர்த்து அனுப்புங்கள், வீடு எது என்று தெரியாமலிருக்க, வாசலில் தொடங்கும் முதல் அரைக் கிலோமீட்டரை வெட்டிவிட்டு.